முகூர்த்தம் 6 மணின்னா மேக்கப் எத்தனை மணிக்கு? கல்யாண போட்டோ நல்லா வரணும்னா முன்கூட்டியே என்னென்ன பண்ணனும்

என் கல்யாணம் 2019 தை மாசம், திங்கக்கிழமை, முகூர்த்தம் 6 டு 7.30. போட்டோ வீடியோவுக்கு மட்டும் அப்பா 70,000 குடுத்தாரு. ஆல்பம் வந்தப்போ தாலி கட்டுற பக்கத்தைத்தான் முதல்ல தொறந்தேன். என் முகத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் செல்போனை நீட்டிப் புடிச்ச கை. அப்பா என்னைத் தாரை வார்த்துக் குடுத்தப்போ எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்ல, அந்த நேரம் பாத்து போட்டோகிராபர் கீழ டிபன் சாப்பிடப் போயிருந்தாரு. அவரையும் குத்தம் சொல்ல மனசு வரல, ஏன்னா முந்தின நாள் ராத்திரி 11 மணி வரைக்கும் ரிசப்ஷன் எடுத்துட்டு மறுபடி காலைல 4 மணிக்கு கேமராவோட வந்து நின்ன மனுசனுக்கு எங்க வீட்ல யாரும் ஒரு காபி குடுக்கல, எந்தச் சடங்கு எப்ப வரும்னும் யாரும் சொல்லல.

அதனால 2024ல தங்கச்சி கல்யாணம் திருச்சில வச்சப்போ இந்தப் பொறுப்பு முழுசையும் நானே எடுத்துக்கிட்டேன். ஆறு மாசம் அலைஞ்சேன், நிறைய பேர்கிட்ட கேட்டேன், சிலது அப்பவும் தப்பாச்சு. ஆனா ஆல்பம் பாத்தப்போ அம்மா அழுதுட்டாங்க. ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுது, போட்டோ நல்லா வர்றது பாதிக்கு மேல நம்ம கையிலதான் இருக்கு. நேரம், வெளிச்சம், நிக்க எடம் இந்த மூணையும் நாம சரி பண்ணிக் குடுத்துட்டா சுமாரான கேமரால கூட நல்ல படம் வரும். இது மூணும் இல்லைன்னா ரெண்டு லட்சம் குடுத்தாலும் வராது. இப்ப கல்யாண வேலை ஆரம்பிச்சிருக்கவங்களுக்காக வரிசையா எழுதுறேன்.

1. தேதி குறிக்கும்போதே நேரத்தையும் கேட்டு வாங்குங்க

ஜோசியர்கிட்ட போகும்போது தேதியை மட்டும் பாத்துட்டு வந்துடுறோம். முகூர்த்த நேரம்தான் அன்னைக்கு மொத்தத்தையும் தீர்மானிக்குது. திங்கக்கிழமைன்னா 7.30க்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும், அதனால 6 டு 7.30தான் குடுப்பாங்க. புதன்கிழமை 7.30 டு 9 எமகண்டம், அங்கயும் அதே கதை. வியாழக்கிழமை 6 டு 7.30 எமகண்டம்ங்கறதால அதுக்கு முன்னாடியே, இல்ல 7.30க்கு மேலன்னு போகும். ஞாயித்துக்கிழமை காலைல ராகு காலம் எமகண்டம் ரெண்டுமே கிடையாது, அதனால கொஞ்சம் தாராளமா நேரம் கிடைக்கும். ஆனா அன்னைக்குத்தான் மண்டபத்துக்கும் போட்டோகிராபருக்கும் அடிதடி.

நேரத்துக்கு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, தை மாசக் கடைசில திருச்சி பக்கம் சூரியன் உதிக்கவே 6.40 ஆகிடும். 6 மணி முகூர்த்தம்னா பாதி சடங்கு இருட்டுல, மண்டப லைட்டை நம்பித்தான் நடக்கும். வைகாசில 5.50க்கெல்லாம் விடிஞ்சிடும், அதே 6 மணி முகூர்த்தம் அப்ப ரொம்ப அழகா இருக்கும். லக்னத்துக்கு ஒத்து வந்தா 9 டு 10.30ம் கேட்டுப் பாருங்க (சனி ராகு காலம், செவ்வாய் எமகண்டம், அது ரெண்டு நாளும் ஆகாது). நாங்க ஜோசியர்கிட்ட அதே வாரத்துல ரெண்டு நாள் குறிச்சுக் குடுங்கன்னு கேட்டு வாங்கி, அதுல 9 டு 10.30 இருந்த வெள்ளிக்கிழமையைப் புடிச்சோம். பெரியவங்க முதல்ல முகம் சுளிச்சாங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்க நிம்மதியா வந்து சேரலாம்னு சொன்னதும் சரின்னுட்டாங்க.

2. மண்டபம் பாக்கப் போறப்போ முகூர்த்த நேரத்துலயே போங்க

எல்லாரும் சாயங்காலமோ மதியமோ போய் ஏசி இருக்கா, டைனிங் ஹால்ல எத்தனை எலை போடலாம், பார்க்கிங் இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடுவாங்க. காலைல 7 மணிக்கோ 9 மணிக்கோ, உங்க முகூர்த்தம் எப்பவோ அந்த நேரத்துக்கு ஒரு நாள் போய் நில்லுங்க. மேடைல யாரையாவது கிழக்குப் பாத்து உக்கார வச்சு செல்போன்ல ஒரு படம் எடுங்க. பொண்ணு மாப்பிள்ளை கிழக்குப் பாத்துதான் உக்காருவாங்க, அதனால மண்டப வாசல் கிழக்குப் பக்கம் தொறந்து இருந்தா காலை வெளிச்சம் நேரா மொகத்துல விழும், அத மிஞ்சின லைட்டே கிடையாது. சில மண்டபத்துல மேடைக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கும், அப்ப மொகம் கறுத்துப் போயிடும், ஸ்கிரீன் போட்டு மூடச் சொல்லணும்.

கேட்டு எழுதி வாங்க வேண்டியது இன்னும் சிலது. மண்டபம் எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும் நம்மளது (எங்களுக்கு முதல் நாள் மதியம் 3ல இருந்து மறுநாள் 3 வரைக்கும்). வெளி டெக்கரேஷன் ஆளுங்களை விடுவாங்களா, இல்ல அவங்க ஆளுதானா. கரண்ட் போனா ஜெனரேட்டர் மேடை லைட்டையும் எடுக்குமா, டீசல் காசு தனியா. வீடியோ லைட்டுக்கு மேடைகிட்ட 15 ஆம்ப் பிளக் பாயின்ட் இருக்கா. கடைசியா கேட்டேனே, அத எங்க மண்டபத்துல நாங்க கேக்க மறந்துட்டோம், அன்னைக்குக் காலைல எலக்ட்ரீசியனைத் தேடி ஓடுனோம்.

மணமகள் அறையையும் பாருங்க. நிறைய மண்டபத்துல அது ஒரு கட்டில், ஒரு டியூப் லைட், ஜன்னலே இல்லாத ரூம். அலங்காரம் பண்ற போட்டோ எல்லாம் அங்கதான் எடுப்பாங்க. ஜன்னல் இருக்கற ரூமை பொண்ணுக்குக் கேளுங்க, பெரிய ரூமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எடுத்துக்கட்டும்.

3. போட்டோகிராபர்கிட்ட முழு கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்க

வளர்பிறை முகூர்த்தம்னா ஒரே நாள்ல எல்லா மண்டபத்துலயும் கல்யாணம் இருக்கும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணிடுங்க. கடைசி நேரத்துல போனா தெரிஞ்ச ஸ்டுடியோ ஆர்டரை எடுத்துக்கிட்டு யாரோ தெரியாத ஆளை அனுப்பும். இது எங்க சொந்தத்துலயே நடந்துச்சு, பேசினது ஒருத்தர், வந்தது வேற ஒரு பையன். அதனால "யார் வந்து எடுப்பாங்க"ன்னு பேரோட கேளுங்க.

இன்ஸ்டாகிராம்ல அவங்க போடுற பத்து படத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரே ஒரு கல்யாணத்தோட முழு ஆல்பத்தையும் கேளுங்க, அதுவும் உங்க முகூர்த்தம் மாதிரியே விடியக்காலைல, சாதாரண மண்டபத்துல நடந்ததா. அதுல மூணு விஷயம் பாருங்க. தாலி கட்டுற நேரம் பொண்ணு மொகம் தெரியுதா, பெரியவங்க சிரிக்கற படம் எத்தனை இருக்கு, மாநிறமா கறுப்பா இருக்கவங்களோட நிறம் அப்படியே இருக்கா இல்ல வெளுத்து வச்சிருக்காங்களா. என் ஆல்பத்துல எங்க அத்தையையே அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்து வச்சிருந்தாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு "நிறத்துல கை வைக்காதீங்க"ன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

காசு விஷயம். எங்களுக்கு 2024ல ஆனதைச் சொல்றேன், ஊருக்கு ஊர் மாறும். ட்ரெடிஷனல் போட்டோ, வீடியோ ரெண்டு பேர், ரெண்டு நாளைக்கு 55,000. கேண்டிட் போட்டோகிராபர் (போஸ் குடுக்கச் சொல்லாம, நாம இயல்பா இருக்கும்போது எடுக்கறவர்) ஒருத்தர், ரெண்டு நாளைக்கு 40,000. ஒரு பெரிய ஆல்பம் 12க்கு 36 இன்ச் சைஸ்ல 40 ஷீட், ஒரு சின்ன ஆல்பம், ரெண்டும் சேர்த்து 22,000. மொத்தம் 1,17,000. பட்ஜெட் கம்மின்னா ட்ரோன், கிரேன், எல்இடி ஸ்கிரீன் எல்லாத்தையும் வெட்டுங்க, கேண்டிட் ஆளை மட்டும் வெட்டாதீங்க, முதல் நாள் வேண்டாம்னாலும் முகூர்த்தத்துக்காவது ஒரு நாள் வைங்க. ட்ரெடிஷனல் ஆளையும் விட்டுட வேண்டாம், ஏன்னா சடங்கு ஒண்ணு விடாம, மேடைல வந்து நின்ன ஒவ்வொரு சொந்தக்காரரையும் எடுக்கறவர் அவர்தான், பெரியவங்க ஆல்பத்துல தேடுறது அதைத்தான்.

4. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க

வாட்ஸ்ஆப்ல "ஓகே மேடம்"னு வந்தா போதும்னு நெனைக்காதீங்க. ஒரு பக்கத்துக்கு எழுதுங்க, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அதுல இருக்க வேண்டியது: ரெண்டு நாளும் எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், நேரம் தாண்டினா மணிக்கு எவ்ளோ, எத்தனை பேர், யார் யார், ஆல்பம் சைஸ், எத்தனை ஷீட், ஷீட் அதிகமானா ஒண்ணுக்கு எவ்ளோ, எடிட் பண்ணாத ஒரிஜினல் படமெல்லாம் குடுப்பாங்களா, எத்தனை நாள்ல, ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்ன ரேட்டா தனியா, கல்யாணம் தள்ளிப்போனா அட்வான்ஸ் என்னாகும், நம்ம படத்தை அவங்க பேஜ்ல போடலாமா கூடாதா. கடைசியில இருக்கறத லேசா விடாதீங்க. தங்கச்சிக்கு அவ போட்டோ வெளில வர்றது புடிக்காது, அத எழுதி வாங்கினதால பிரச்சனை வரல.

பணத்தை மூணா பிரிச்சுக் குடுங்க. நாங்க அட்வான்ஸ் 30 சதவீதம், முகூர்த்தம் முடிஞ்ச அன்னைக்கு 40, ஆல்பம் கைக்கு வந்ததும் 30ன்னு பேசினோம். முழுசா குடுத்துட்டா ஆல்பம் எப்ப வரும்னு சொல்லவே முடியாது. என் ஆல்பம் வர 11 மாசம் ஆச்சு. தங்கச்சியோடது மூணரை மாசத்துல வந்துடுச்சு.

5. முகூர்த்தத்துல இருந்து பின்னாடி எண்ணி டைம் டேபிள் போடுங்க

இந்த ஒரு வேலையை மட்டும் செஞ்சாக்கூட போதும்னு சொல்லுவேன். என் கல்யாணத்துல பியூட்டி பார்லர் அக்கா 4 மணிக்குத்தான் ஆரம்பிச்சாங்க, தலை பின்னி ஜடை வச்சு பூ சுத்தவே ஒன்றரை மணி நேரம், நான் மணவறைக்கு வந்தப்போ 6.40, அய்யர் "நாழியாச்சு, நாழியாச்சு"ன்னு எல்லாத்தையும் வேகமா ஓட்டிட்டாரு.

நிறைய பேர் மறக்கறது கூரைப்புடவை மாத்துற நேரம். பொண்ணு ஒரு புடவைல மணவறைக்கு வருவா, அய்யர் கூரைப்புடவையைக் குடுப்பாரு, போய் மாத்திட்டு வரணும். நகையெல்லாம் கழட்டாம, ஜடை கலையாம புதுப் பட்டைக் கட்ட 25 நிமிஷம் ஆகும். அதுக்குள்ள மாலை ஒரு பக்கம், வேர்வை ஒரு பக்கம். அலங்காரம் பண்ற அக்கா அந்த நேரம் டிபனுக்குப் போயிடக் கூடாது, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. புடவைக்கு முதல் நாளே மடிப்பு வச்சு பின் குத்தி வச்சுட்டா 12 நிமிஷத்துல முடிஞ்சிடும், நாங்க அப்படித்தான் பண்ணோம்.

6 டு 7.30 முகூர்த்தம்னா இப்படிப் போடுங்க:

3.00 குளியல், தலை காய வைக்கறது.
3.30 மேக்கப், ஜடை.
5.15 அலங்காரம் முடியணும், 5.15 டு 5.40 பொண்ணு தனியா, அம்மா அப்பாவோட, கூடப் பொறந்தவங்களோட போட்டோ.
5.45 மாப்பிள்ளை மணவறைக்கு.
6.05 பொண்ணு மணவறைக்கு.
6.20 கூரைப்புடவை மாத்தப் போறது.
6.45 திரும்ப வர்றது.
6.50 டு 7.05 தாலி.

அப்புறம் அம்மி மிதிக்கறது, மெட்டி, அருந்ததி பாக்கறதெல்லாம் நிதானமா நடக்கட்டும். 3 மணிக்கு எந்திரிக்கணும்னா ராத்திரி 10.30க்காவது பொண்ணு படுக்கணும், இல்லைன்னா கண்ணு வீங்கிப் போயிருக்கும், எந்த மேக்கப்பும் அதை மறைக்காது. அதுக்கு ரிசப்ஷனை 6 மணிக்கே ஆரம்பிச்சு 9.15க்கு மேடையை விட்டு எறக்கிடணும். இந்த டைம் டேபிளை ஆறு பேருக்குக் குடுங்க: அய்யர், நாதஸ்வரக்காரர், மேக்கப், போட்டோ, சமையல் மாஸ்டர், மாப்பிள்ளை வீட்ல ஒருத்தர். அய்யரை ஒரு வாரம் முன்னாடி நேர்ல பாத்து எந்தச் சடங்கு எவ்ளோ நேரம்னு கேளுங்க. தாலி கட்டினதும் ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்க விடுங்க சாமின்னு பணிவா கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

6. சடங்கு லிஸ்ட், ஆளுங்க லிஸ்ட்

ஒவ்வொரு சமூகத்துக்கும் வழக்கம் வேற. போட்டோகிராபருக்கு உங்க வழக்கம் தெரியும்னு நெனைக்காதீங்க. பந்தக்கால் நடுறது, நலங்கு, பொண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, காப்புக் கட்டறது, அரசாணிக்கால், தாய்மாமன் சீர், தாரை வார்க்கறது, தாலி, அம்மி, அருந்ததின்னு உங்க வீட்ல நடக்கற வரிசைப்படி எழுதி, எது எங்க நடக்கும்னு பக்கத்துல குறிச்சுக் குடுங்க. பந்தக்கால் கல்யாணத்துக்கு சில நாள் முன்னாடியே வீட்டு வாசல்ல காலைல அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், அதுக்கு யாரும் ஆளைக் கூப்பிட மாட்டாங்க. நாங்க பக்கத்துத் தெரு ஸ்டுடியோ தம்பியை ஒரு மணி நேரத்துக்கு 1,500 குடுத்து வரச் சொன்னோம். பாட்டி மஞ்சள் தடவின கையோட நவதானிய முடிச்சைப் புடிச்சிக்கிட்டு நிக்கற படம் அன்னைக்கு வந்ததுதான், மொத்த ஆல்பத்துலயும் எனக்கு அதுதான் புடிக்கும்.

தாய்மாமன் சீர்ல தாய்மாமன் எல்லாரும் படத்துல இருக்கணும். ஒருத்தர் விட்டுப் போனாலும் அது பத்து வருஷப் பேச்சா ஆகிடும்னு உங்களுக்கே தெரியும். அதனால குடும்பப் போட்டோவுக்கு ஒரு லிஸ்ட், அதிகபட்சம் 20 குரூப், ஒவ்வொண்ணுலயும் பேரோட. "அப்பா வழிப் பங்காளிங்க", "அம்மா கூடப் பொறந்தவங்க"ன்னு பிரிச்சு எழுதுங்க. ஒரு குரூப்புக்கு 2 நிமிஷம்னா 40 நிமிஷம் ஆகும், அந்த 40 நிமிஷத்தை டைம் டேபிள்ல ஒதுக்குங்க. நாங்க ரிசப்ஷனுக்கு முன்னாடி 5.15 டு 6 இதை வச்சோம். ஆளைக் கூட்டிட்டு வர குரல் பெருசா இருக்கற, ரெண்டு பக்கச் சொந்தத்தையும் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். எங்க சித்தப்பா லிஸ்ட்டைக் கைல வச்சுக்கிட்டு பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாரு. பொண்ணோட அம்மா அப்பாவை இந்த வேலைக்கு விடாதீங்க, அவங்க படத்துல இருக்க வேண்டியவங்க.

7. தாலி கட்டுற அந்த ஒரு நிமிஷம்

இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். கெட்டிமேளம் ஆரம்பிச்ச உடனே எல்லாரும் எந்திரிச்சிடுவாங்க, அட்சதை பறக்கும், நாத்தனார் பின்னாடி நின்னு ஜடையைத் தூக்கிப் புடிப்பாங்க, மாப்பிள்ளை முன்பக்கமா குனிஞ்சு ரெண்டு கையையும் கழுத்துக்குப் பின்னாடி கொண்டு போவாரு, அய்யர் கை ஒரு பக்கம், செல்போன் பத்து. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.

பண்ண வேண்டியது: மணவறைக்கு முன்னாடி நாலடி எடத்தைக் காலியா விடுங்க, கயிறு கட்டினாலும் சரி, ரெண்டு தம்பிங்களை நிக்க வச்சாலும் சரி. மேடை மேல இருக்க வேண்டியவங்க யார்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, எங்க வீட்ல 14 பேர். கெட்டிமேளத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மைக்ல "எல்லாரும் அவங்கவங்க எடத்துல நின்னு அட்சதை போடுங்க, யாரும் மேடை முன்னாடி வந்து செல்போன்ல எடுக்க வேண்டாம்"னு பெரியவர் ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்க. அத ஒரு சின்னப் பையன் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, பொண்ணோட தாத்தா சொன்னாரு, அப்படியே நின்னுட்டாங்க.

மாலை. கனமான ரோஜா மாலை பாக்க நல்லா இருக்கும், ஆனா அது கழுத்தை மொத்தமா மூடிடும், தாலியே தெரியாது. ரிசப்ஷனுக்குக் கனமா போட்டுக்கோங்க, முகூர்த்தத்துக்கு சம்பங்கியோ மல்லியோ மெலிசாக் கட்டச் சொல்லுங்க. ஒரு போட்டோகிராபருக்கு பொண்ணு மொகம், இன்னொருத்தருக்கு அப்பா அம்மா மொகம்னு பிரிச்சுக் குடுங்க. தாலி ஏறுற நேரத்துல அப்பா எப்படி நிக்கறாருன்னு யாரும் பாக்கறது இல்ல. தங்கச்சி கல்யாணத்துல அந்தப் படம் இருக்கு, அப்பா கைல அட்சதையை வச்சுக்கிட்டு போடாம அப்படியே பாத்துக்கிட்டு நிக்கறாரு.

ஓமப் புகைக்கு ஃபேனை நிறுத்திடுவாங்க, வேர்த்துக் கொட்டும். டிஷ்யூவும் ஒரு சின்னக் கைவிசிறியும் தோழி ஒருத்தி கைல இருக்கட்டும்.

8. மேடை, லைட், புடவை நிறம்

ரிசப்ஷன் மேடைல சுத்தி அடிக்கற ஊதா, பச்சை, சிவப்பு லைட் நேர்ல ஜோராத் தெரியும், படத்துல மொகமே ஊதாவா வரும், எடிட் பண்ணியும் சரியாகாது. டெக்கரேஷன் ஆளுகிட்ட மொகத்துல விழற லைட் வெள்ளையா, இல்ல லேசா மஞ்சளா மட்டும் இருக்கணும், கலர் லைட் பின்னாடி செட் மேல மட்டும்னு தெளிவா சொல்லிடுங்க. பின்னாடி எல்இடி ஸ்கிரீன் வச்சா படத்துல கோடு கோடா விழ வாய்ப்பு இருக்கு, வச்சே ஆகணும்னா போட்டோகிராபரை ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லி டெஸ்ட் ஷாட் எடுக்கச் சொல்லுங்க.

அரக்குப் புடவை எடுத்துட்டு பின்னாடியும் அரக்குத் துணி கட்டாதீங்க, ஆள் தனியாத் தெரியாது. புடவை போட்டோவை டெக்கரேஷன் ஆளுக்கு அனுப்பிடுங்க, அது போதும்.

9. கோயில், ட்ரோன், வெளில எடுக்கறது

கோயில்ல கல்யாணம்னா முதல்ல கோயில் ஆபீஸ்க்குப் போங்க. ஆதார், ரெண்டு பேரோட வயசுச் சான்று (பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிஞ்சிருக்கணும்), பல கோயில்ல இதுதான் முதல் திருமணம்னு சான்றும் கேப்பாங்க, அது கைக்கு வர நாளாகும், கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள செல்போன் கூடாதுன்னு 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் உத்தரவு போட்டுடுச்சு. அதனால கேமராவுக்கு எங்க வரைக்கும் அனுமதி, கட்டணம் எவ்ளோன்னு கேட்டு ரசீதை வாங்கி போட்டோகிராபர் கைலயே குடுங்க. மூலஸ்தானத்தை எடுக்க விடவே மாட்டாங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறை எடத்துல ட்ரைபாட், லைட்டோட போனா அனுமதி இல்லாம உள்ள விட மாட்டாங்க.

ட்ரோன் கேக்கறவங்களுக்கு: 2021 ட்ரோன் விதிப்படி ஏர்போர்ட்டைச் சுத்தி 5 கிலோமீட்டர் சிவப்பு மண்டலம், அதாவது அரசு அனுமதி இல்லாம ட்ரோன் விடக் கூடாத எடம். திருச்சி ஏர்போர்ட் ஊரை ஒட்டியே இருக்கறதால நிறைய மண்டபம் அதுல மாட்டும், மீனம்பாக்கம் பக்கம் இருக்கற மண்டபத்துக்கும் இதே கதைதான். டிஜிட்டல் ஸ்கைன்னு அரசோட ட்ரோன் வெப்சைட் இருக்கு, அதுல இருக்கற மேப்ல உங்க மண்டபம் எந்தக் கலர்ல இருக்குன்னு பாத்துக்கோங்க. 250 கிராமுக்கு மேல இருக்கற ட்ரோனைக் காசு வாங்கிட்டு ஓட்டறவருக்கு பைலட் சர்டிபிகேட் இருக்கணும், காப்பியைக் கேளுங்க. எங்ககிட்ட ஒருத்தர் 8,000 சொன்னாரு, சர்டிபிகேட் கேட்டதும் அப்புறம் போனே எடுக்கல.

வெளில ஜோடியா எடுக்கணும்னா முகூர்த்தத்தன்னைக்கு வேண்டாம். மதியம் 12 வெயில்ல பட்டுப்புடவையோட ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனா கண்ணே தொறக்க முடியாது. ஒரு வாரம் கழிச்சு சாயங்காலம் 5 மணிக்கு மேல அதே புடவையைக் கட்டிக்கிட்டுப் போங்க.

10. கேமரா ஆளுங்களுக்கு சாப்பாடு

சின்ன விஷயமாத் தோணும், என் கதையை மேலயே படிச்சீங்க. போட்டோ டீம்க்கு டிபன் எப்பன்னு டைம் டேபிள்லயே எழுதுங்க, முதல் பந்தில இல்லைன்னா சடங்கு இல்லாத நேரத்துல, ஒருத்தர் மாத்தி ஒருத்தரா. அவங்களுக்குப் படுக்க ஒரு ரூம், பேட்டரி சார்ஜ் போட எடம், காலைல 4 மணிக்குக் காபி. நாங்க தம்பி முறைல ஒரு பையனை இதுக்குன்னே விட்டோம்.

11. அன்னைக்கு ராத்திரியே பண்ண வேண்டியது

2 டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்கி முன்னாடியே குடுத்துடுங்க. 4கே வீடியோ ஒரு மணி நேரமே சாதாரணமா 45 ஜிபி வரைக்கும் வரும், ரெண்டு நாள் வீடியோவும் போட்டோவும் சேர்ந்தா பென் டிரைவ்ல எல்லாம் அடங்காது, இலவச கூகுள் டிரைவ் 15 ஜிபிதான். மெமரி கார்டை அழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல காப்பி இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே போடுங்க. ஒரு டிஸ்க் அம்மா வீட்ல, ஒண்ணு பொண்ணுகிட்ட. என் சிநேகிதி ஒருத்தி கல்யாண வீடியோ மொத்தமும் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் கெட்டுப் போய் போயிடுச்சு, வேற காப்பியே கிடையாது.

ஆல்பத்துக்குப் படம் செலக்ட் பண்றது நம்மளாலதான் லேட் ஆகுது. 3,000 படத்துல இருந்து 200 எடுக்கணும், குடும்பமே உக்காந்து எடுக்கலாம்னு நெனைச்சா நடக்காது. ரெண்டே பேர் உக்காருங்க, முதல் தடவை வேண்டாம்னு தோணறதை மட்டும் தள்ளுங்க, மறுநாள் திரும்பப் பாருங்க. பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி டிசைனை வாங்கி ஒவ்வொரு ஷீட்டா பாருங்க, பேர் எழுத்துப் பிழை, மடிப்புல யார் மொகமாவது விழுதான்னு.

12. பதிவுக்கு வேண்டிய படம்

இது போட்டோ வேலையோட சேர்ந்தது, அதனால இங்கயே சொல்லிடறேன். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு பண்ணணும். 90 நாளுக்குள்ள பண்ணிடுங்க, அதுக்கப்புறம் 150 நாள் வரைக்கும் கூடுதல் கட்டணத்தோட. ஆல்பம் வர மூணு மாசத்துக்கு மேல ஆகும்ங்கறதால ஆல்பத்துக்காகக் காத்திருந்தா 90 நாள் தாண்டிடும். தாலி கட்டற படம், ரெண்டு பேரும் மாலையோட நேராப் பாத்து நிக்கற படம், ரெண்டு வீட்டு அம்மா அப்பாவோட நிக்கற படம், இந்த மூணையும் ஒரே வாரத்துல எடிட் இல்லாம அனுப்பிடுங்கன்னு போட்டோகிராபர்கிட்ட சொல்லுங்க. பத்திரிகை பத்து எடுத்து வைங்க. மண்டப ரசீது, ரெண்டு பேரோட ஆதார், வயசுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. மாப்பிள்ளையோ பொண்ணோ வெளிநாட்டுல இருந்தா விசாவுக்கும் கல்யாணப் படம் கேக்கலாம், அதுக்கு சொந்தக்காரங்க நிறைய பேர் தெரியற குரூப் போட்டோ நாலஞ்சு தேதியோட எடுத்து வச்சுக்கோங்க. தங்கச்சி ஃபைல் ரெடியா இருந்ததால கல்யாணம் முடிஞ்சு 19வது நாள் பதிவுக்குப் போயிட்டோம், மாப்பிள்ளை லீவு முடியறதுக்கு முன்னாடி சர்டிபிகேட் கைல வந்துடுச்சு.